விலாங்குப் படத்தின் முடிவு

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. அப்பாவின் வேட்டிகளைக் கூடத்தில் நாற்காலிகள் மேல் விரித்து, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். வீடெங்கும் ஈர வாசனை, தைல வாசனை.

செய்ய வேண்டியவை:
அப்பாவின் மாத்திரை (மழை விட்டால்).
வாக்கரின் அடி ரப்பர், ஒன்று தேய்ந்துவிட்டது.
ஷை. சேச்சிக்குப் பதில்.

மூன்றாவதை எழுதியதும் அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

விஷயம் இதுதான். புனே அலுவலகத்தில் இரண்டு வருஷம், புது அணிக்கு நான் பொறுப்பு. என் பெயரைக் கொடுத்தது இங்கே கழக்கூட்டம் அலுவலகத்தில் எங்கள் அணித் தலைவி ஷைனி சேச்சி. வெள்ளிக்கிழமைக்குள் உண்டு, இல்லை சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் கனடாவிலிருந்து அண்ணா வீடியோவில். ஞாயிறு வழக்கம். அப்பா ஃபோனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொள்வதால் அண்ணாவுக்கு அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். கடைசியில் என்னிடம், "நீ அங்க இருக்கறதனாலதான் நேக்கு இங்க நிம்மதியாத் தூங்க முடியறது, கேட்டயா," என்றான். நல்ல மனதோடு சொன்னதுதான்.

சாப்பிட்ட பின் அப்பாவுக்காக டிவியில் சேனல் சேனலாகத் தள்ளிக்கொண்டே போனேன். நகைக்கடை. பாட்டுப் போட்டி. பழைய சீரியல். அப்பா சட்டென்று, "நம்ம... ஜந்து... படம் ஒண்ணும் இப்போ... போடறதே இல்லை," என்றார்.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது கை இன்னும் சரியில்லை. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைக்கிறார். அந்தச் சிரமத்தில் தேடி எடுத்த சொல் 'ஜந்து'.

ஜூன் 9, திங்கள்

மழை நின்று நின்று பெய்கிறது. வீட்டிலிருந்தே வேலை. அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு ஈரத் தலையோடு மீட்டிங். கேமரா வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நாள் முழுக்க ஜந்து படங்கள் நினைவில். நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. ஞாயிறு நாலு மணிக்கு ஒரு தமிழ்ச் சேனலில் போடுவார்கள். எந்த நாட்டிலோ டிவிக்கென்றே எடுத்த படங்கள், தியேட்டர் பக்கமே போகாதவை. அம்மா உள்ளே தூங்குவாள். தெருவில் அண்ணா கிரிக்கெட். கூடத்தில் நானும் அப்பாவும், நடுவில் முறுக்கு டப்பா.

நினைவில் இருப்பவை:

எலி. லாரி அளவு என்று சொல்வார்கள். லாரிக்குப் பக்கத்தில் ஒருபோதும் காட்டியதில்லை.

குளவிக் கூட்டம். கேமரா கண்ணாடியில் யாரோ மிளகு தூவியிருந்தார்கள்.

இரட்டைத் தலைத் தவளை. ஒரு தலைக்குத்தான் வாய் அசையும். மற்றது அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

விலாங்கு. அணைக்கட்டுக்குள் ராட்சத விலாங்கு. தலை மட்டும் செய்திருந்தார்கள், ரப்பரில். வால் வரவேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் குமிழ் விடும்.

தமிழ்க் குரல்கள்தான் எங்களுக்கு உயிர். ஒரே ஆள் விஞ்ஞானிக்கும் போலீஸ்காரருக்கும் மீனவருக்கும் பேசுவார். மீனவர் வரும்போது இருமிக்கொள்வார், வேறு ஆளாம். "அடக் கடவுளே, இது சாத்தியமே இல்லை!" "அந்த மிருகம் நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது, புரொபசர்!" இதே பாஷைதான் வாரம் முழுக்க வீட்டிலும். அம்மா பாகற்காய்ப் பிட்லையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்பா என் காதில், "அது வந்துகொண்டிருக்கிறது, புரொபசர்." நான்: "எல்லோரும் உடனே வெளியேறுங்கள்!" அம்மா, நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றி: "அப்பனுக்கும் பொண்ணுக்கும் வட்டாக்கும்."

அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்ட். வீட்டுக்கு வெளியே அவர் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். படங்களைப் பற்றி அவர் கண்டுபிடித்த விதிகள் சில உண்டு. முதல் விதி: "ஜந்துவைக் காட்டறதுக்கு அவன்கிட்டப் பணம் கிடையாது. அதனால மனுஷாளை ஒரு முறியில போட்டு அடைச்சுப் பேச விட்டுடறான்." உண்மை. படம் பூராவும் நாலு பேர் ஒரே அறையில். வெளியே போகலாமா, வேண்டாமா. ஜந்து வருவது நாலே தடவை.

இரண்டாம் விதி: "'நீ முன்னால போ, நான் பின்னாடியே வரேன்'னு எவன் சொல்றானோ, அவன் தீர்ந்தான்." யாராவது அப்படிச் சொன்னவுடன் நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்து ஒன்றாக, "போச்சு!"

பெரிய பெரிய நாவல்களெல்லாம் அப்புறம் படித்தேன். சிறை, தீவு, பனியில் மாட்டிக்கொண்ட வீடு. முதல் விதி எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. எனக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவியலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முருங்கைக்காய்க்கு நார் உரித்தபடி, எதிரில்.

"புனேயா? அங்க நமக்கு ஆராக்கும் இருக்கா?"

"ஆரும் இல்லை. ஜோலிக்குப் போக ஆள் எதுக்கும்மா?"

"அப்பாவைக் குளிப்பிக்கறது?"

"ஹோம் நர்ஸ் வெச்சுக்கலாம். பகலெல்லாம் இருந்துட்டு சாயங்காலம் போயிடுவா."

"அந்நிய மனுஷா அடுக்களைல கேறினா நான் பச்சைத் தண்ணி தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

"அடுக்களைக்கு எதுக்கு வரா? அப்பா ரூம்லதானே இருக்கப் போறா."

"அவளுக்குப் பசிக்காதோ?"

இரண்டு பேருமே கொஞ்சம் சிரித்துவிட்டோம். பிறகு அம்மா சேனைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள். நறுக்கி முடித்து எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் போகண்டாம்னு சொல்லலை," என்றாள். போ என்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாது. கரமனையில் எங்கள் தெரு வீடுகள் எல்லாமே ரயில் மாதிரி நீளம்: முன்னால் தெரு, பின்னால் ஆறு, நடுவில் அறைக்குப் பின் அறை. அடுக்களையில் பேசினால் கூடத்தில் கேட்கும். அப்பா கேட்டிருப்பார். மாத்திரை கொடுக்கப் போனபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் வாய் லேசாகத் திறந்திருக்கும்.

சாயங்காலம் வழக்கம்போல விளக்கு. அம்மாவின் மாறாத சட்டங்கள்: விளக்கேற்றும்போது வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். பின்கதவு அடைத்திருக்க வேண்டும். முன்னால் வரும் லட்சுமி பின்னால் இறங்கிப் போய்விடக் கூடாது. டிவி அணைந்திருக்க வேண்டும். பின்கதவை அடைப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. லட்சுமி விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஆற்றிலிருந்து விலாங்கு வரும், அதற்காகத்தான் அடைக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அப்பாவும் திருத்தவில்லை. "நன்னாத் தாழ் போட்டயா, புரொபசர்?" என்பார்.

டிவி அணைவதால் இன்னொன்றும் நடந்தது. நாலு மணிப் படம், நடுவில் அத்தனை விளம்பரம். விளக்கு நேரத்தில் எப்போதும் கொஞ்சம் பாக்கி இருக்கும். ஒரு ஜந்து படத்துக்குக்கூட நான் முடிவு பார்த்ததில்லை. அம்மா ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாதான் மீதியைச் சொல்வார். அவருடைய முடிவுகளில் யாரும் சாகமாட்டார்கள். எல்லோரும் வீட்டுக்கு வந்து, கால் அலம்பி, சாப்பிட உட்காருவார்கள்.

விலாங்குப் படத்துக்கு அவர் சொன்ன முடிவு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அணையைக் கவனிக்கும் எஞ்சினியர், அவருடைய மகள். மதகை யாராவது உள்ளே நின்று கையால் மூடினால்தான் விலாங்கு ஊருக்குள் போகாமல் இருக்கும். மகளுக்காக ஹெலிகாப்டர் காத்திருக்கிறது. இந்த இடத்தில் அம்மா அணைத்துவிட்டாள். அப்பா சொன்ன மீதி: மகள் ஏறினாள், ஆனால் குதித்து இறங்கித் திரும்பி ஓடி வந்தாள். இரண்டு பேருமாகச் சக்கரத்தைச் சுற்றி மதகை மூடினார்கள். விலாங்கு மூக்கில் அடிபட்டு ஓடிப்போயிற்று. வீட்டுக்கு வந்தால் ரசமும் சுட்ட அப்பளமும்.

மகள் திரும்பி வந்தாள். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். மறுபடி மறுபடி சொல்லச் சொல்வேன்.

இன்று பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு அங்கேயே கொஞ்சம் நின்றேன்.

ஜூன் 11, புதன்

வாக்கர் ரப்பர் கிடைக்கவில்லை. கடைக்காரர் "அடுத்த ஆழ்ச்ச" என்றார், அடுத்த வாரமாம்.

கிடைத்தது வேறொன்று. மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து ஜன்னலில் 'அணை விலாங்கு தமிழ் டப்பிங்' என்று தேடினேன். யாரோ புண்ணியவான் டிவியிலிருந்து பதிவு செய்து போட்டிருக்கிறார். படம் தண்ணீருக்கடியில் இருப்பது போல மங்கல். கீழே ஏதோ ஊரின் கேபிள் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது: பர்னிச்சர் கடை, டியூஷன், காணாமல் போன நாய். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். கீழே ஒருவர், 'இதைப் பார்த்து ஒரு வாரம் குளிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். அவரைத் தேடிப் போய்க் கைகுலுக்க வேண்டும் போல இருந்தது.

நேராக முடிவுக்குத் தள்ளினேன். இத்தனை வருஷம் பொறுத்தவள், இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

மகள் திரும்பவில்லை.

ஹெலிகாப்டர் வாசலில் நின்று அப்பாவைப் பார்க்கிறாள். அவர் சொல்கிறார்: "நீ ஏறும்மா. நான் பின்னாடியே வரேன்." இரண்டாம் விதி. அவள் ஏறுகிறாள். மேலே போகிறாள். ஹெலிகாப்டர் பொம்மை, அதைத் தொங்கவிட்ட நூல்கூடத் தெரிகிறது. கீழே தண்ணீர் பொங்கி அணை அறை மூழ்குகிறது. விலாங்கின் ரப்பர்த் தலை ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான், பெயர்கள் ஓடுகின்றன.

காதில் ஷைனி சேச்சி: "ஹலோ, நீ அவிடெ உண்டோ?"

"உண்டு சேச்சி."

"வெள்ளியாழ்ச்ச மறக்கண்ட கேட்டோ. நீயில்லெங்கில் அவர் வேறெ ஆளெ நோக்கும்." வெள்ளிக்கிழமையை மறக்கக் கூடாது, நான் இல்லையென்றால் புனேயில் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

உண்டு. இவிடெத்தன்னெ உண்டு. இங்கேயேதான் இருக்கிறேன். வேறெங்கே போவேன்.

நூல் தெரிகிற ஹெலிகாப்டருக்கு அழுதேன். கேமரா போடாததற்கு நன்றி.

பிறகு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. அப்பாவும் முடிவைப் பார்த்திருக்க மாட்டார். எனக்காக அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அவர் தோன்றியபடி சொன்ன முடிவில்தானே நான் குடியிருக்கிறேன். குதித்து இறங்கித் திரும்பி ஓடி வந்து, சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு.

இதை எழுதியதும் வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்குக் கஞ்சி ஆறுகிறது.

ஜூன் 12, வியாழன்

லீவு போட்டேன். மழை இல்லை, வெயிலும் இல்லை.

மத்தியானம் லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். அப்பாவைக் கட்டிலிலிருந்து சாய்வு நாற்காலிக்கு மாற்ற நானும் அம்மாவும். "என்னடீ கோலாகலம்?" என்றாள் அம்மா. "சினிமா" என்றேன். நாலு மணிக்குத்தான் ஆரம்பித்தேன். முறுக்கு இப்போது அப்பாவுக்குக் கூடாது. வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன்.

முதல் காட்சியில் தண்ணீர் குமிழ் விட்டவுடன் அப்பாவின் இடது கை நாற்காலிக் கையைத் தட்டியது. "வால்," என்றார்.

மீனவர் இருமினார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்பா சிரித்தால் இப்போது முகத்தின் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அதை முதல் தடவையாக நான் மறந்திருந்தேன்.

அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தாள். அவள் இந்தப் படங்கள் எதையும் பார்த்ததே இல்லை.

"இது என்ன, பாம்போ?"

"விலாங்கும்மா."

"இத்தனை பெரிசா? ஆரு பிடிச்சுத் திங்கறது?"

நானே நடுவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்று பாத்ரூமுக்கு அப்பாவைக் கூட்டிப் போக, ஒன்று மாத்திரைக்கு. அதனால் சரியாக அதே இடத்தில் விளக்கு நேரம். ஹெலிகாப்டர் இறங்குகிறது. அம்மா எழுந்தாள். நான் பழக்கத்தில் ரிமோட்டை எடுத்துவிட்டேன்.

"இருக்கட்டும்," என்றார் அப்பா. ஒரே சொல், தேடாமல்.

அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சத்தத்தையாவது கொறைச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக டிவி ஓடும்போது எங்கள் வீட்டில் விளக்கு ஏறியது. விளக்கை வைத்துவிட்டுத் திரும்பியவள் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

திரையில் எஞ்சினியர் வாயைத் திறந்தார். அப்பாவும் திறந்தார்.

"நீ ஏறும்மா. நான் பின்னாடியே வரேன்."

படத்தில் அது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அப்பாவால் அந்த வேகத்துக்குப் போக முடியவில்லை. மகள் ஏறியாயிற்று, கதவு மூடியாயிற்று, ஹெலிகாப்டர் மேலே எழும்பியாயிற்று. அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் குறைத்திருந்ததால் கூடத்தில் அவர் குரல் மட்டும்தான். "நான்... பின்னாடியே..." திரையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "...வரேன்."

'போச்சு' என்று சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு திரும்பி வருவாளோ?" என்றாள் அம்மா.

"வர மாட்டா," என்றார் அப்பா.

"உங்களுக்கு முடிவு தெரியுமோப்பா?"

"தெரியும். ஒரு நாள் மத்தியானம்... திருப்பிப் போட்டான். நான் லீவு. நீ... ஸ்கூல்ல."

"அப்புறமும் ஏன் பழையபடியே சொன்னேள்? அதுக்கப்புறமும் எத்தனை தடவை கேட்டேன்."

ரொம்ப நேரம் தேடினார். "நீ... அழுவே."

கொஞ்சம் கழித்து, "அப்போ," என்றார்.

இப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவர் அதைக் கவனிக்காதது போல் பெயர்கள் ஓடுவதைக் கடைசிவரை பார்த்தார்.

ஜூன் 13, வெள்ளி

விடியும்போதே பெருமழை. அப்பாவைக் குளிப்பாட்டினேன். இன்று முதுகு தேய்க்கும்போது வழக்கத்தைவிட மெதுவாக.

அம்மா தோசை வார்த்துக்கொண்டே, திரும்பாமல்: "அந்த நர்ஸ் சாப்பாடு கொண்டு வருவாளோ, இங்கதானோ?"

"கொண்டு வரச் சொல்லலாம்."

"வேண்டாம். கொண்டு வந்ததை எங்க வெச்சுத் திம்பா, பாவம். ரெண்டாம் கட்டுல இலை போட்டு நானே விளம்பறேன். அடுக்களைல மட்டும் கேறாம இருக்கச் சொல்லு."

"சரிம்மா."

"நேரே முகத்தைப் பார்த்து 'கேறாதே'ன்னு சொல்லாதே. மெள்ளச் சொல்லு. நம்ம பைத்தியம் நமக்கு, அவ என்ன பண்ணுவா."

தோசையைத் திருப்பிப் போட்டாள். கருகியிருந்தது. அம்மாவின் தோசை கருகி நான் பார்த்ததில்லை.

மெயில் அனுப்பிவிட்டேன். ஆம் என்று. நாலு வரி, எழுத ஒரு காலைப் பொழுது. ஷைனி சேச்சி உடனே கட்டைவிரல் அனுப்பினாள். கழக்கூட்டத்துக்கு வந்து கேக் வாங்கித் தர வேண்டுமாம்.

நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. ஆகவில்லை. அதே அறை. கதவு எங்கே இருக்கிறதென்று மட்டும் இப்போது தெரியும். அதன் வழியாகப் போனால் பின்னால் யார் வரமாட்டார்கள் என்பதும் தெரியும்.

அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீல டிக். பதில் இல்லை. அங்கே தூங்கும் நேரம்.

அப்பாவிடம் நேரில் சொன்னேன். "இது சாத்தியமே இல்லை," என்றார், அந்தக் குரலில். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பிடி விடவில்லை. இடது கைதான், நல்ல பலம்.

வாங்க வேண்டியவை: பெரிய பெட்டி. வாக்கர் ரப்பர் (நானே போய் வேறு கடையில்). நர்ஸுக்குத் தட்டு, டம்ளர். அம்மாவுக்கு லேப்டாப்பை டிவியோடு இணைக்கச் சொல்லித் தர வேண்டும். இரட்டைத் தலைத் தவளையும் கிடைக்கிறது, பார்த்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பின்கதவை அடைக்கப் போனேன். மழை விட்டிருந்தது. ஆறு படிக்கட்டில் பாதி ஏறியிருந்தது. செம்மண் நிறம். ஒரு வாழைத்தண்டு உருண்டு உருண்டு போயிற்று. நடுவில் ஓரிடத்தில் குமிழ் விட்டது.

உள்ளேயிருந்து அம்மா: "பின்கதவு அடைச்சாச்சாடீ? விளக்கேத்தப் போறேன்."

"இதோ, அடைக்கறேன்."

"நன்னாத்... தாழ்..." என்று கூடத்திலிருந்து அப்பா ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தேன். நான் இன்னும் வெளிப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.